பேச்சில்லாத டியூஷன்

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் ஏலம் கூவுகிறவன் நான். சத்தம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே நினைப்பேன். என் மகள் கயல் கணக்கு என்றாலே வாயடைத்துப் போவாள். அவளுக்குச் சொல்லித்தர ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

முதல் நாளே அறையிலிருந்து பேச்சு மூச்சில்லை. செல்போன் பார்க்கிறாரோ என்று எரிச்சலோடு உள்ளே போனேன். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க டீச்சர், பாடம் நடக்கலையா?"

"நடக்குதுங்க. கேள்வி கேட்டிருக்கேன், யோசிக்கிறா. கொஞ்சம் இருங்க."

நின்றபடியே நோட்டிலிருந்த கணக்கைப் பார்த்தேன். விடை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைசியில் கயல் ஒரு விடை சொன்னாள். தப்பு. டீச்சர் திருத்தவில்லை. "எப்படி வந்துச்சு, சொல்லு" என்று மறுபடி காத்திருந்தார். சொல்லிக்கொண்டே போனவள், "அய்யோ, இங்கதான் விட்டுட்டேன்!" என்று சிரித்தாள். கணக்குப் போடும்போது அவள் சிரித்து நான் பார்த்ததேயில்லை. இத்தனை வருஷம் அவளை நான் முழுசாகப் பேசவிட்டதும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மண்டியிலிருந்து போன் செய்தேன். "ஸ்கூல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்மா. நீ மெதுவா சொல்லு."