ஜன்னல் சட்டத்தில் விழுந்த சூரியன்

சென்ற குளிர்காலத்தில், ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. வீட்டுக்கார அம்மா மலேசியத் தமிழர், முன்பக்க வீட்டிலேயே இருக்கிறார். தங்கமான மனுஷி. ஆனால் நெருப்பென்றால் அவருக்கு அப்படியொரு பயம்.

ஒருநாள் எங்கள் படுக்கையறை ஜன்னலின் மரச்சட்டத்தில் கருகிய புள்ளிகளைப் பார்த்துவிட்டார். பக்கத்திலேயே என் சாமி அலமாரி. விளக்குதான் காரணம் என்று முடிவுகட்டி, இனி ஏற்றவே கூடாது என்றார். மனசில்லாமல்தான் நிறுத்தினேன். சில நாள் கழித்து வந்தவர் கண்ணில் புதிதாக ஒரு புள்ளி பட்டது.

"எனக்குத் தெரியாம ஏத்துறீங்கதானே? பொய் சொல்ற ஆளுக்கு நான் வீடு விட மாட்டேன்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரோ வழக்கம்போல, ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, இன்னொரு வீடு தேடி அலைய முடியாது என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்பா? என்னிடம் நடக்காது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்தேன். நண்பகலில் சட்டத்தின் மேல் சின்னதாய் ஒரு வெளிச்சப் பொட்டு. கொஞ்ச நேரத்தில் மெல்லிய புகை. திரும்பினால், எதிரே முகத்தைப் பெரிதாகக் காட்டும் என் மேக்கப் கண்ணாடி! ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் குழியாடி. ஊரில் பத்தாம் வகுப்புக்கு அதைப் பாடமாக நடத்தியவள் நான். வடக்கு ஜன்னலில் வெயில் அடிக்காது என்ற ஊர் நினைப்பில் அங்கே வைத்திருக்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. குளிர்காலத்தில் தாழ்ந்து வந்து அறைக்குள்ளேயே விழுகிறது.

வீட்டுக்கார அம்மாவைக் கையோடு அழைத்து வந்தேன். முதலில் கண்ணாடியை வெயில் படாத மூலையில் வைத்து, அதன்முன் வெள்ளைத் தாளை நகர்த்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில், வெளியே நிற்கும் அவருடைய எலுமிச்சை மரம் பழங்களோடு தலைகீழாகத் தாளில் விழுந்தது. அசந்துபோனார். பிறகு கண்ணாடியை வெயிலில் வைத்தேன். பொட்டு விழுந்த இடத்தில் தாள் கருகியது.

"மரம் மாதிரி இதுவும் படம்தான் ஆண்ட்டி. சூரியனோட படம்."

அவர் சட்டத்தின் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "உங்கள பொய்க்காரின்னுட்டேனே," என்றார். அன்று சாயங்காலம் அவரே வந்து, நான் விளக்கேற்றும்வரை பக்கத்தில் நின்றார்.

அந்தக் கண்ணாடிக்கு இப்போது எப்போதும் ஒரு துணி போர்த்தியிருக்கிறது. சட்டத்தைச் சுட்டது என் கண்ணாடிதான், ஆனால் பொய் சொன்னவள் நான் இல்லை என்று, சண்டை போடாமல் உட்கார்ந்து பார்த்தே நிரூபித்த அந்த நண்பகலை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.