அப்பாவின் வலது கண்

எங்கள் அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஆம்பூரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்களில் "திடீர் மறைவு" என்று அச்சிட்டிருந்தோம். அது உண்மையல்ல. அதைச் சொல்லாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தர எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பேரணாம்பட்டில் பிறந்த அப்பா, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். தோல் சுமக்கத் தொடங்கியவர், பின்னாளில் தோல்களைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் மேசைக்கு உயர்ந்தார். நிறம் இம்மி பிசகினாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார். எனக்கு ஜாக்கெட் துணி எடுக்கக்கூட அம்மாவை நம்பமாட்டார். என்னையும் தம்பியையும் பட்டதாரிகளாக்கியவை அந்தக் கண்கள்தான்.

மறைவுக்குச் சில வாரங்களுக்கு முன், வேலை முடிந்து வந்ததும் எங்களை உள்ளே அழைத்தார்.

"வேலையில இருக்கச்சொல்ல வலது கண்ணு ஷட்டர் இறக்குன மாதிரி இருட்டிட்சிம்மா. கொஞ்ச நேரத்துல சரியாய்ட்சி. கம்பெனிக்குத் தெரிஞ்சா மேசைய விட்டு எழுப்பிடுவாங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

"வலிக்குதாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

தோல் தூசி விழுந்திருக்கும் என்றார் அம்மா. நான் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். அத்தோடு விட்டுவிட்டோம்.

பிறகு ஒருநாள் மேசையருகிலேயே அப்பா சாய்ந்துவிட்டார். உடன் வேலை செய்தவர்கள்தான் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டர் என்னிடம், "இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணு இருட்டிச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் கம்பெனி சூப்பர்வைசர் பாய் நின்றிருந்தார். "இல்லைங்க" என்றேன். அப்பா நினைவிழந்து கிடந்த நேரத்திலும் அவருடைய மேசையைக் காப்பாற்றப் பார்த்தேன். வெட்கக்கேடு.

கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கண் இருண்டது அதற்கான எச்சரிக்கை என்றும், அன்றே வந்திருந்தால் காப்பாற்ற வழி இருந்திருக்கும் என்றும் டாக்டர் பின்னர் விளக்கினார். உறவினர்களே, கண் திடீரென இருண்டு, உடனே தெளிந்துவிட்டாலும், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்பாவைத் தூக்கிச் சென்றவர்களுக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கருமாதிக்கு வந்த பாயிடம் நான் மறைத்ததைச் சொல்லி அழுதேன். அவர் சொன்னது இது:

"ரெண்டு கண்ணும் போயிருந்தாலும் உங்கப்பாவ நாங்க விட்டிருக்க மாட்டோம்மா. எங்ககிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்பா கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது. என் காதில்தான் விழுந்தது.