தாஜுன்னிசா அக்கா தைத்த அறுபது டை

எங்கள் தெருவில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்க ஜனங்கள் வருவது தாஜுன்னிசா அக்காவின் தையல் கடைக்குத்தான். எல்லாப் பள்ளி யூனிபார்ம் கிழிசலும் அவரிடம் வருவதால், துணியைப் பார்த்தே பள்ளியை எடைபோடுவார்.

“இங்கிலீஷ் மீடியத்துப் புள்ளைக சட்டையில காலரெல்லாம் கடிச்சு வெச்சிருக்குதுங்க. பயந்துக்கிட்டே உக்கார்ந்திருக்குது. நம்ம கார்ப்பரேசன் இஸ்கூல்ல முட்டியில கிழிசல், பாக்கெட்டுல மைக்கறை. வெளையாடவும் செய்யுது, எழுதவும் செய்யுது. ஜெரோம் சாரு அத்தனை புள்ளைகளையும் பேரு சொல்லிக் கூப்புடுவாரு. கண்ண மூடிட்டுச் சேர்த்துங்க.”

பல்லடத்திலிருந்து குடிவந்த ஒரு தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அங்க டை உண்டுங்களாக்கா?” என்றாள். இல்லை என்றதும் மகளை இழுத்துக்கொண்டு இங்கிலீஷ் மீடியத்துக்கு நடையைக் கட்டினாள். அந்த மே மாதத்தில் அப்படிப் போன ஒன்பதாவது தாய் அவள்.

அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. மிச்சம் கிடந்த நீலத் துணியில் எலாஸ்டிக் வைத்து அறுபது டை தைத்து, தலைமையாசிரியர் ஜெரோமின் மேசையில் போட்டார்.

“இதை மாட்டி உடுங்க சார். படிப்பு ஏற்கெனவே நல்லாத்தான் இருக்குது.”

1996 ஜூனில், என்றும் இல்லாத அளவுக்கு நாற்பத்திரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். காரணம் அறிய வந்த கல்வி அதிகாரி வகுப்பு வகுப்பாகச் சுற்றிப் பார்த்து, ‘கற்பித்தல் தரம் வெகுவாக உயர்ந்துள்ளது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜெரோமின் காதருகே குனிந்தார்.

“மத்த பதினோரு பள்ளிக்கோடத்துலயும் தரத்தை உயர்த்தோணுமுங்க சார். டை தைக்கறவங்க விலாசத்தைக் கொஞ்சம் குடுங்க.”