ஒரே அண்டாவில் வெந்த சோறு

இலஞ்சிக்குப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையில் தங்கசாமியைத் தெரியாத ஆள் கிடையாது. சாரல் காலம் முழுக்கக் குற்றாலத்து பங்களாக்களில் சமையல் பார்ப்பார். சாரல் ஓய்ந்ததும் ஊருக்கு வந்துவிடுவார். புரட்டாசியில் கார் நெல் அறுப்பு முடிந்து, சபையார் எல்லாரும் கோயில் வளாகத்தில் கூடிச் சாப்பிடும் அசனம் வரும். அன்றைக்கு அகப்பை அவர் கையில்தான். வீட்டுக்கு ஒரு படி புது அரிசியைப் பீடத்துக்கு முன்னால் காணிக்கையாகக் கொட்டுவார்கள். அந்தக் குவியலை அள்ளி அண்டாவில் போட்டுப் பொங்கி, முதல் இலையில் முதல் சோற்றை அவர் வைக்கவேண்டும். அதுவரைக்கும் பசியில் குடல் கத்தினாலும் ஒருவரும் இலையில் கை வைக்கமாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷத்து அசனத்துக்கு அவர் வழக்கத்தைவிடச் சந்தோஷமாக வந்திருக்கவேண்டும். மகள் தங்கபுஷ்பத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். மூன்றாவதும் வாசித்துவிட்டால் பிறகு தாலிதான். மூன்றாம் ஓலை அசனத்துக்கு மறுநாள். மாப்பிள்ளை, சபை மூப்பர் வேதமாணிக்கத்தின் மகன். செங்கோட்டை ரயில் நிலையத்தில் குமாஸ்தா. தாயில்லாத பெண். சமையல்காரன் மகள் என்று இரண்டு இடம் தட்டிப்போய், இருபத்துமூன்று வயதில் அமைந்த சம்பந்தம். இதுவும் போனால் என்ன ஆகும் என்று தங்கசாமிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அசனத்தன்று காலையில், உலை கொதிக்கிற நேரத்தில் வேதமாணிக்கம் வந்தார். விஷயம் குளத்துத்தெருக்காரர்களைப் பற்றியது. ஊர் தீட்டு என்று ஒதுக்கிவைத்த அந்தத் தெருவில் போன வருஷம் பன்னிரண்டு குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தன. மேலத்தெருச் சபையார் ஆண்டவரிடம் சமத்துவத்தை ஒப்புக்கொண்டார்கள்; அதை இலையில் கொண்டுவந்து வைத்தால்தான் அவர்களுக்கு நெஞ்சை அடைத்தது. அதனால் போன வருஷம் சோறு மதிலுக்கு வெளியே புளியமரத்தடிக்குப் போயிற்று. இந்த வருஷம் மனசு விசாலமாகி, மதிலுக்கு உள்ளேயே, ஆனால் இரண்டாம் பந்தியில் என்று முடிவு செய்திருந்தார்கள். கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியாரும் இதைத்தான் பக்குவமான வழி என்றார். இரண்டாம் பந்தி போதும் என்று குளத்துத்தெரு மாடனே சொல்லிவிட்டானாம்.

“ஒரு மணி நேர வித்தியாசம், சம்மந்தி. ஒரே சோறு, ஒரே குழம்பு. நீரு எதும் மனசுல வச்சுக்கிடாம வழக்கம்போல நடத்தும்,” என்றார் வேதமாணிக்கம். போகிற போக்கில், நாளைய ஓலையைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கசாமி தலையை ஆட்டினார். ஆட்டிய தலை அவருக்கே பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. போன வருஷம் புளியமரத்தடிக்குச் சோறு கொண்டுபோனவரே அவர்தான். எல்லாரும் சாப்பிட்டு முடிந்து, அண்டாவின் அடியில் தீய்ந்து ஒட்டியதைச் சுரண்டிக் கொண்டுபோயிருந்தார். மாடன் பெண்டாட்டி குருவம்மாள் அந்தக் கருகல் சோற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி அசனம் என்று பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுத்தாள். மாடன் கண்ணை மூடி, உள்ளே சாப்பிட்டவர்களை ஆசீர்வதிக்கச் சொல்லி ஜெபித்தான். அன்றைக்குத் தங்கசாமி தன் இலையைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். அது அவர் செய்த பாவம், வேறு யாருடையதும் இல்லை என்று ஒரு வருஷமாக அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் முதல் பந்தி உட்கார்ந்தது. நூறு இலை. பெண்கள் வரிசையில் மூன்றாவதாகத் தங்கபுஷ்பம், பக்கத்தில் வருங்கால மாமியார். வாசற்பக்கம் குளத்துத்தெருச் சனம் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் வெந்த சோற்று வாசனையை மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தன. உபதேசியார் ஜெபம் பண்ணி ஆமென் சொன்னார். எல்லாக் கண்ணும் அகப்பைக்குத் திரும்பியது.

தங்கசாமி அகப்பையை அண்டாவுக்குள் விட்டார். எடுக்கவில்லை. மகளைப் பார்த்தார், அவள் எதுவும் தெரியாமல் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இப்படியே அள்ளிப் போட்டுவிட்டால் நாளைக்கு ஓலை, அடுத்த வாரம் கல்யாணம். வாயைத் திறக்காமலிருந்தால் போதும்.

ஒரு நிமிஷம் போயிற்று. ஒரு குழந்தை அழுதது. வேதமாணிக்கம் இலைக்கு முன்னால் இருந்தபடியே தொண்டையைச் செருமி, என்ன சுணக்கம் என்று கேட்டார்.

“அண்ணாச்சி, போன ஞாயித்துக்கெழமை பீடத்துக்கு முன்னால வச்ச அரிசில குளத்துத்தெருப் பன்னெண்டு படியும் இருந்துச்சு,” என்றார் தங்கசாமி. “ஜெபம் பண்ணி, ஒரே குவியலா அள்ளி இதுலதான் போட்டேன். எது ஒங்க அரிசி, எது மாடன் அரிசின்னு பிரிச்சுத் தாங்க. நான் பந்தியப் பிரிக்கேன்.”

இலையைப் பிரிக்க யோசித்த புத்திசாலிகள் அண்டாவை மறந்துபோயிருந்தார்கள். பீடத்தில் வைத்த காணிக்கையை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, தின்னவும் முடியாது. முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு வரிசையாக எழுந்தார்கள். வேதமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கசாமியைப் பார்க்காமலே நடந்தார். அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் பக்கத்திலிருந்து எழுந்தபோது சேலைத்தலைப்பை அவள்மேல் படாமல் இழுத்துக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து பேர் மிஞ்சினார்கள். மாடன் வாசலைத் தாண்டவில்லை. தன்னால் ஒரு பெண்ணின் வாழ்வு கெட்டதே என்று அவன் கைகூப்பி அழுதான். தங்கசாமி போய் அவன் கையைப் பிடித்து, ஞானஸ்நானத்தில் வைத்த ஆபிரகாம் என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முதல் இலையில் உட்காரவைத்தார். குருவம்மாளுக்கு இடம் தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் கிடைத்தது. தங்கபுஷ்பம் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் சோற்றில் விழ விழ, ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் உபதேசியார் அறிவிப்புகளை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். மூன்றாம் ஓலை இல்லை. அப்பனும் மகளும் தென்னந்தோப்பு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். பாதி தூரத்தில் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாப்பா,” என்றாள்.

அவர் நின்றுவிட்டார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று மெதுவாகக் கேட்டார்.

“வேண்டாம்ப்பான்னு சொல்லியிருப்பேன்.”

“தெரியும்மா. அதான் கேக்கல.”

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவரை அசனத்துக்குக் கூப்பிடவில்லை. தங்கபுஷ்பத்துக்கு வாசுதேவநல்லூர் கம்பவுண்டர் ஒருவரோடு கல்யாணம் ஆனபோது அவளுக்கு முப்பது வயது. அந்த ஏழு வருஷத்துக்காகத் தங்கசாமி மகளிடம் மன்னிப்புக் கேட்டார். அசனத்துக்காக யாரிடமும் கேட்கவில்லை.

கூப்பிடாத அந்த நாலு வருஷமும் காணிக்கை அரிசி மட்டும் அவர் வீட்டிலிருந்து தவறாமல் போயிற்று. கொண்டுபோனவள் தங்கபுஷ்பம். மேலத்தெரு வழி கிட்டத்தில் இருக்க, அவள் குளத்துத்தெருவைச் சுற்றி, குருவம்மாளோடு சேர்ந்து போய், இரண்டு வீட்டுப் படி அரிசியையும் ஒரே ஓலைக் கொட்டானிலிருந்து பீடத்துக்கு முன்னால் கொட்டினாள்.