வலிப்பு நின்ற பிறகு

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு விஷம் கொடுத்து, வரும் வலிப்பை நிறுத்தப் பார்ப்பதுதான் அந்த வருடங்களில் என் வேலை. போரில் வீசும் நரம்பு நச்சு உடம்புக்குள் செய்வதைத்தான் சில பூச்சிமருந்துகளும் செய்கின்றன. நரம்புக்கு நரம்பு போகும் தகவல் போய்ச் சேர்ந்ததும் அணைய வேண்டும். இந்த விஷம் அதை அணையவிடாது. உடனே ஊசி போட்டால் வலிப்பு அடங்கும். தாமதித்தால் அதே மருந்து சரியாகக் கேட்காது. எவ்வளவு தாமதம் வரை மூளையைக் காப்பாற்றலாம் என்பதுதான் என் கேள்வி.

இரும்புலியூரில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு தச்சர் குடும்பம். அவரை எல்லோரும் பாய் என்போம். என் புத்தக அலமாரி அவர் செய்தது. சுவர் கோணல். அதற்குத் தோதாகப் பலகையையும் தெரியாத அளவுக்குச் சரித்து இழைத்திருந்தார்.

ஒரு கோடைப் பகலில் அவர் மனைவி மாடியேறி ஓடிவந்தாள். கையில் செல்போன்; மேஸ்திரி பேசியிருந்தார். பள்ளிக்கரணையில் புது ஃப்ளாட்டில் வேலை. யாரோ கரையான் மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். பாய் தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டார்.

“அக்கா, கை கால் இழுத்துகினே கீதாம். நீங்க இதத்தானே படிக்கிறீங்க? இன்னா மருந்து குடுக்கணும், சொல்லுங்கக்கா!”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள்.

“இப்பதான் நின்னுது மேடம்,” என்றார் டியூட்டி டாக்டர். “கொண்டு வரவே லேட். வழியெல்லாம் ஃபிட்ஸ்.”

“நின்னுடுச்சாம்க்கா!” என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலிப்பு தாமதமாக அடங்கிய எலிகளின் மூளையை நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன்.

பாய் நடந்தேதான் வீடு திரும்பினார். உடம்பு தேறியது. வேலைதான் கூடவில்லை. டேப்பை நீட்டி அளப்பார். பென்சிலை எடுப்பதற்குள் அளவு மறந்துவிடும். மறுபடி அளப்பார். ஒருநாள் வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எவ்ளோன்னு சொன்னேன்?”

“நீங்க எதுவும் சொல்லலையே, பாய்.”

அதுவரை எலி மூளையில் செத்த செல்களை எண்ணுவதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு, பிழைத்த எலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று நல்ல எலி சில தடவைகளில் கற்றுக்கொள்ளும். தாமதமாக மருந்து கிடைத்தவை தினமும் புதிதாக வந்தவைபோலச் சுவரோரமாகவே சுற்றின. களைத்ததும் நான்தான் தூக்கிவிடுவேன்.

துணி உலர்த்தும்போது பாயின் மனைவி கேட்டாள்: “உங்க எலிங்களுக்கு ஞாபகம் திரும்பிச்சாக்கா?”

“சீக்கிரம் மருந்து போட்டதுக்கு எல்லாம் நல்லா இருக்கு.”

“லேட்டா போட்டதுக்கு?”

“இல்லம்மா.”

அவள் கைலியை ஓங்கி உதறிக் கொடியில் போட்டாள்.

மழைக்காலத்துக்கு முன்பே அவர்கள் வாணியம்பாடியில் அவள் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே பாய் மற்றவர்கள் செய்யும் கட்டில்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார். அதற்கு அளவு வேண்டாம். என் ஆய்வில் இரண்டாவதாக ஒரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, தாமதமான எலிகளில் சில மேடையைக் கண்டுபிடித்தன. சிலதான். முனைவர் பட்டம் கிடைத்தது. அந்த மருந்து மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனையோ படிகள் இருந்தன; வந்தாலும் ஏற்கெனவே செத்த செல்களை அது திருப்பித் தராது. அவளுக்குப் போன் செய்து இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.