சோப்பு வாசனையும் சேஃப்டி மேடமும்

தலை ஈரம் காயாமல், படிய வாரிய கிராப்போடு என் கணவர் வாசலில் வந்து நின்ற அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் சுருக்கென்கிறது. கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். கூரை ஷீட் போடுவதும் பிரிப்பதும் அவர் வேலை. கல்யாணமான நாள் முதல் புழுதியும் வியர்வையுமாகத்தான் வீடு திரும்புவார். கைகாலாவது கழுவிவிட்டு உள்ளே வா என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்டதில்லை. அன்றைக்கோ மேலெல்லாம் சோப்பு வாசனை. காலையில் போட்டுப்போன சட்டை மடிப்புகூடக் கலையவில்லை. நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய கம்பெனியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "வேலைத் துணிய அங்கியே அவுத்துப் போட்டு, குளிச்சிக்கினுதான் கெளம்பணும். சேஃப்டி மேடம் சொல்லிக்கீது" என்றார். அதோடு விட்டாரா? சாப்பிடும்போதும் மேடம்தான். ஷீட்டை உடைக்கக் கூடாதாம், தண்ணீர் அடித்து நனைத்துத்தான் கழற்ற வேண்டுமாம், காய்ந்த தூசியைப் பெருக்கவே கூடாதாம். அவர் குரலில் இருந்த பயபக்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வேலை முடியும் நேரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறிப்போய் கம்பெனி கேட்டருகில் நின்றுவிட்டேன். ஹெல்மெட் போட்ட சின்னப் பெண். அழகிதான், பொய் சொல்ல மாட்டேன். "அண்ணே, தலைக்கு ஊத்தாம யாரும் கெளம்பக் கூடாது" என்று அதட்டினாள். அந்த 'அண்ணே'யில் என் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் குழாயடி வரிசையில் அவர் நின்ற பணிவைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது.

வெளியே வந்தவரை ரோட்டிலேயே பிடித்துக்கொண்டேன். "நான் கத்துனா காது கேக்காது, அந்தப் பொண்ணு சொன்னா கேக்குமாய்யா?"

"எனுக்கோசரம்னா யாரு குளிப்பா? அந்தத் தூசி துணியில ஒட்டிக்கினு ஊட்டுக்கு வருமாம். அத்த ஒதறித் தோய்க்கிறவங்க நெஞ்சுல போய் ஒக்காந்துக்குமாம், ரொம்ப வருசம் கழிச்சிதான் நோவு காட்டுமாம். 'உங்க ஊட்ல யாருண்ணே துணி தோய்க்கிறது?'ன்னு கேட்டுச்சி. நேரா கொழாயடியில போய் நின்னுக்கினேன்" என்றார்.

அவர் துணியை அத்தனை வருடமும் உதறி உதறித் துவைத்தவள் நான். நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

இப்போது அவர் மேஸ்திரி. தன் ஆட்களைக் குளிக்காமல் அனுப்புவதில்லை. நான் லேசாக இருமினாலும் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும், மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் பொறாமை போகவில்லை. என் முகம்கூடத் தெரியாத ஒருத்தி, என் புருஷன் நினைப்பதற்கு முன்பே என்னை நினைத்துவிட்டாள்.