பின்கேட்டில் கவிழ்ந்த ஆட்சி

போக்குவரத்துத் துறையை எனக்குக் கொடுத்ததற்கு ஒரே காரணம், என் அப்பா சிட்டி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான். அதை யாரும் மறைக்கக்கூட இல்லை. "உனக்கு பஸ் பத்தியெல்லாம் தெரியும்ல" என்று முதலமைச்சரே முகத்துக்கு நேராகச் சொன்னான். உள்துறை, நிதி, கல்வி எல்லாம் ஏற்கெனவே ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களா வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விட்டிருந்தன. அப்பா சமையல்காரராக இருந்திருந்தால் உணவுத் துறை கிடைத்திருக்கும் போலிருக்கிறது. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் துறையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யமுடியும் என்று பார்க்கிற பிடிவாதம் அப்போதே எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. எங்கள் பள்ளியில் மாணவர் சட்டசபை என்று ஒன்று இருந்தது. மாணவர்களே நடத்துவது. சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் பிரார்த்தனை ஹாலில் பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போட்டு உட்காருவோம். யார் ஆளுங்கட்சி, யார் எதிர்க்கட்சி என்பது சீட்டுக் குலுக்கல். முதலமைச்சரும் சபாநாயகரும் பத்தாம் வகுப்பு. தலைமையாசிரியர்தான் ஆளுநர். சபையின் மொழி ஆங்கிலம் என்று விதி; கூச்சல் போடும்போது மட்டும் கன்னடமும் தமிழும் வரும். விளையாட்டு என்றாலும் முழு விளையாட்டு இல்லை. கல்வி அமைச்சருக்கு நூலகம், சுகாதார அமைச்சருக்குத் தண்ணீர்த் தொட்டி, எனக்கு சைக்கிள் ஸ்டாண்டும் இரண்டு கேட்டுகளும். சபை கேட்பதை ஆளுநர் சில சமயம் செய்தும் கொடுப்பார்.

அந்த இரண்டு கேட்டுகளில்தான் என் கதை இருக்கிறது. முன்கேட் பெரிய ரோட்டில், கார் வந்து நிற்கிற கேட். பின்கேட் சிவாஜிநகர் மார்க்கெட் பக்கத்துச் சந்தில். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பின்கேட் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தோம். அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்தபோது அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சந்திலிருந்து ஆடு நுழைகிறதாம், கறிக்கடை நாற்றம் வருகிறதாம். இனி எல்லாரும் முன்கேட் வழியாகத்தான் வரவேண்டும் என்றார் தலைமையாசிரியர். நாங்கள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கூட்டத்தில் முட்டி மோதி, காம்பவுண்டின் மறுபக்கம் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். தாமதமாக வந்தவர்கள் கொடிக்கம்பத்துக்கு முன்னால், சரளைக்கல் மேல், முதல் பீரியட் முடியும்வரை முட்டி போடவேண்டும். முதல் பீரியட் தினமும் கணக்கு.

இதைக் கேட்கிற யாரும் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினால் என்ன? பிற்பாடு ஒயிட்ஃபீல்டில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில்கூட, இந்தக் கதையைச் சொன்னபோது, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அதையேதான் கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரே ஒரு குழாய்; நல்லி என்றுதான் சொல்வோம். தண்ணீர் காலை ஏழரைக்கு மேல்தான் வரும், என்றைக்கு எத்தனை மணிக்கு என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. வரும்போது பிடிக்காவிட்டால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்கமுடியாது. குடத்தோடு வரிசையில் நிற்பது யார்? பெண் பிள்ளைகள். சரளைக்கல்லில் முட்டி போட்டவர்களும் நாங்கள்தான். ஒரே தெருவிலிருந்து வருகிற பையன்கள் நேரத்துக்கு வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நான் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து வீட்டுத் தோழிக்குச் சீட்டுக் குலுக்கலில் எதிர்க்கட்சி விழுந்திருந்தது. பின்கேட்டைப் பற்றிச் சபையில் கேள்வி கேட்டவள் அவள்தான். கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும், பதிலை அமைச்சரவை தயாரிக்கும் என்பது வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் முதலமைச்சர் வராந்தாவில் என்னைப் பிடித்து ஒரு தாளை நீட்டினான்.

"இத அப்படியே படிச்சிடு. சார் ஓகே பண்ணிட்டாரு. நாளைக்கு கமிட்டி மெம்பர்ஸ் எல்லாம் வர்றாங்க, சொதப்பிடாத."

பாதுகாப்பு கருதிப் பின்கேட் மூடப்பட்டுள்ளது, மாணவிகள் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தான்.

"நான் அஞ்சு மணிக்கே எழுந்திருக்கறேன்" என்றேன்.

"அப்ப நாலே முக்காலுக்கு எழுந்திரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். வேறு யாராவது அந்தப் பதிலைப் படித்திருந்தால் நானும் பெஞ்சைத் தட்டிவிட்டுப் போயிருப்பேன். என் வாயால் படிக்கவேண்டும் என்பதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை ஹாலில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பள்ளிக் கமிட்டிக்காரர்கள், சில பெற்றோர், முன்வரிசையில் தலைமையாசிரியர். சபாநாயகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சபை விதிகளை எல்லாம் மனப்பாடம் செய்தவன். பெஞ்சைத் தட்டுவதற்கும் விதி இருக்கிறது என்று சொல்லி எங்கள் உயிரை எடுப்பான். என் தோழி எழுந்து பின்கேட் கேள்வியைப் படித்தாள். நான் எழுந்து பதிலின் முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியில் நின்றேன்.

"சபாநாயகர் அவர்களே, இந்தப் பதில் பொய்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. தமிழில் ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க தெருவுல நல்லியில தண்ணி ஏழரைக்கு மேலதான் வருது. நான் நாலு மணிக்கு எழுந்தா நல்லி நாலு மணிக்கு வந்துடுமா? ஆடு வருதுன்னு கேட்ட மூடிட்டீங்க. ஆட்ட வெரட்ட வாட்ச்மேன் இருக்காரு. கல்லு மேல முட்டி போட்டுக்கிட்டு இருக்கறது ஆடு இல்ல, நாங்க. எங்க கணக்கு போவுது!"

நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. முதலமைச்சர் குதித்து எழுந்தான்.

"பாயின்ட் ஆஃப் ஆர்டர்! அமைச்சர் ராஜினாமா பண்ணணும்!"

"பண்ண மாட்டேன்" என்றேன்.

உட்காரவும் இல்லை. மந்திரியை நீக்க ஆளுநருக்கு எழுதவேண்டும் என்றான் சபாநாயகர். ஆளுநரோ முன்வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை.

எங்கள் சபையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும். அது தோற்கும். பிறகு டீயும் பன்னும். தோற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் கைகளை ஒழுங்காக எண்ணிப் பார்த்ததே கிடையாது. அன்றும் எதிர்க்கட்சித் தலைவர் பன் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் தீர்மானத்தைப் படித்தான். ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்றதும் நான் என் அமைச்சர் பெஞ்சில் இருந்தபடியே கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் ஆளுங்கட்சி வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் இருந்தார்கள். குலுக்கலில் எங்களில் எத்தனை பேர் ஆளுங்கட்சியில் விழுந்தோம் என்று யாரும் யோசித்ததில்லை, நாங்களும்தான். ஒவ்வொரு கையாக மேலே வந்தது. முதலமைச்சர் திரும்பிப் பார்த்து, "ஏய், நீங்க நம்ம சைடு!" என்று கத்தினான். ஒரு கைகூட இறங்கவில்லை.

வேறு ஒருவன் சபாநாயகராக இருந்திருந்தால் வழக்கம்போல் தீர்மானம் தோற்றது என்று சொல்லிவிட்டு டீக்குப் போயிருப்பான். இவன் எண்ணினான். மறுபடியும் எண்ணினான். பிறகு எழுந்து நின்று, தீர்மானம் நிறைவேறியது, அரசு கவிழ்ந்தது என்று அறிவித்தான். கவிழ்ந்த பிறகு என்ன செய்வதென்று அவனுடைய விதிகளில் இல்லை. டீ டம்ளர்கள் நடுவில் வந்து நின்றன. தலைமையாசிரியர் எழுந்து தேசியகீதம் பாடச் சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"கெஸ்ட் முன்னாடி ஸ்கூல் மானத்த வாங்கிட்ட. நாளைக்கு பிரேயர்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளு. அப்பறம் கேட் விஷயம் பாக்கலாம்."

"மொதல்ல கேட்ட தொறங்க சார். அப்பறம் மன்னிப்பு விஷயம் பாக்கலாம்."

இதை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க மனமில்லை. சபை கலைக்கப்பட்டது, திரும்பக் கூடும்போது நீ அதில் இருக்கமாட்டாய் என்றார் அவர். வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அழுதேன். அந்தச் சபையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எழுந்து நின்றால் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்கிற இடம் எனக்கு அதற்கு முன்னால் எங்கேயும் இருந்ததில்லை.

மறுநாள் எட்டேகாலுக்குத் தண்ணீர் வந்தது. நாங்கள் பள்ளிக்கு வந்தபோது மணி அடித்துவிட்டிருந்தது. கொடிக்கம்பத்தடியில் பி.டி. மாஸ்டர் விசிலோடு நின்றிருந்தார்.

"லேட்டா? முட்டி போடுங்க, ஜல்தி."

என் முட்டியில் போன வாரத்துச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை. நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஏய், எங்க போற?"

"கணக்கு கிளாஸுக்கு சார்."

விசில் ஊதினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சரளைக்கல் நறநறக்கிற சத்தம் கேட்டது. முதலில் என் தோழியின் செருப்பு, அப்புறம் மற்றவர்களுடையது. வகுப்பு வாசலில் போய் வரிசையாக நின்றோம். கணக்கு டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வராந்தாவில் வேகமாக வந்துகொண்டிருந்த மாஸ்டரையும் பார்த்தார்.

"உள்ள வாங்க, சீக்கிரம்" என்றார். கடைசிப் பெண் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே மாஸ்டர் கதவைத் தட்டினார். டீச்சர் போர்டிலிருந்ததை அழித்துவிட்டுக் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

நான் அந்தப் பள்ளியைவிட்டுப் போகும்வரை பின்கேட் திறக்கவே இல்லை. குழாயும் தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது. நாங்கள் தாமதமாகத்தான் வந்தோம், பெரும்பாலான நாட்களில். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எங்கள் தெருப் பெண் ஒருத்திகூட முட்டி போடவில்லை.